ஏற்றலின் மொழி: மகீபத்ராமின் ஓராண்டு இங்கிலாந்து வாழ்வும் அதன் பின்விளைவும்

1. முன்னுரை

அயல்நாட்டில் ஓராண்டு வாழ்ந்து தாயகம் திரும்பும் ஒருவர் மீண்டும் வீட்டில் நிலைகொள்வது அவருடைய மனநிலையைப் பொறுத்தது என்பது இன்றைய பொதுக்கருத்தாகும். உணவு, தட்பவெப்பம், பேச்சுப் பழக்கம் ஆகியவற்றிற்குத் திரும்பவும் பழகுதலே மீள்வருகையின் சிக்கல் எனக் கருதப்படுகிறது. 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அயல்நாட்டில் நேரும் மனத்தாழ்வும் மீட்சியும் தாயகம் திரும்பிய பின்னரும் மீண்டும் ஒருமுறை நேர்கின்றன என்று காட்டினர். அதன்பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் திரும்பி வந்தவரின் உள்ளத்தையே நோக்கின.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் இச்சிக்கல் வேறோர் இடத்தில் நின்றது. கப்பலேறிச் சென்று மீண்டவர் வீட்டிற்குப் பழகுவாரா என்று எவரும் கேட்கவில்லை. வீட்டார் அவரோடு உண்பார்களா என்றே கேட்டனர். இவ்வேறுபாடு அக்காலச் சொற்களிலேயே பதிவாகியுள்ளது. குஜராத்தி எழுத்தாளரும் கல்வியாளருமான மகீபத்ராம் ரூப்ராம் நீல்கண்ட் (1829-1891) என்பவரின் மீள்வருகையை மையமாகக் கொண்டு, அச்சொற்களின் பொருளையும் அவற்றை மொழிபெயர்ப்பதில் எழும் இடர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பயணமும் மீட்சியும்

மகீபத்ராம் சூரத் நகரில் நாகர் அந்தணர் குடியில் பிறந்தவர். குஜராத்தின் தொடக்ககாலச் சீர்திருத்தவாதியான துர்காராம் மேத்தாஜியின் செல்வாக்கிற்கு உட்பட்டவர்; பிற்காலத்தில் அவருடைய வரலாற்றை நூலாக எழுதியவரும் இவரே. நாகர்கள் நெடுங்காலம் அரசுப்பணியில் இருந்தவர்கள். சுல்தான்கள் காலத்திலும் முகலாயர் காலத்திலும் பாரசீகம் கற்று அலுவல் புரிந்தவர்கள். அயல்மொழியோ அயலார் ஆட்சியோ அவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் கடல் கடத்தல் என்பது வேறாகக் கருதப்பட்டது.

ஆசிரியப் பயிற்சி முறைகளைக் கண்டறியும் பொருட்டு 1860இல் மகீபத்ராம் இங்கிலாந்துக்குச் சென்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு (1869) ஒன்பது ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. பம்பாயில் கப்பலேறுவோர் செங்கடல் வழியாகச் சூயஸை அடைந்து, எகிப்தைத் தரைவழியே கடந்து, மீண்டும் கப்பலேற வேண்டியிருந்தது. இங்கிலாந்து சென்ற முதல் குஜராத்தி இந்துக்களுள் அவரும் ஒருவர். 1861இல் அவர் தாயகம் திரும்பினார். அகமதாபாதில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். அரசின் பார்வையில் அவருடைய மீள்வருகை அத்துடன் நிறைவுற்றது. சாதியின் பார்வையில் அது தொடங்கவே இல்லை. நாகர் சமூகம் அவரை விலக்கி வைத்தது. அவ்விலக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பின்னர் அவர் பிராயச்சித்தம் செய்துகொண்டார். அயல்நாட்டு வாழ்வு ஏறத்தாழ ஓராண்டு. அதிலிருந்து திரும்பி வந்து சேர்வதற்கு ஆன காலமோ அதனினும் பன்மடங்கு.

கல்லூரிப் பொறுப்பில் இருந்தவருக்கு இவ்விலக்கால் ஊதியமோ பதவியோ குறையவில்லை. குறைந்தவை பிற. திருமணத்திற்கு அழைப்பில்லை, இறப்புச் சடங்கிற்குத் துணையில்லை, பந்தியில் இடமில்லை. விலக்கப்பட்டவரோடு வாழும் மனைவி மக்களும் விலக்கப்பட்டோரே ஆவர். கப்பலேறாத அவர்கள் கப்பலேறியவரின் விலையைக் கொடுத்தனர். அக்காலப் பயண நூல்கள் பயணிகளைப் பற்றியே பேசுவதால் இப்பக்கம் பெரிதும் மறைந்துள்ளது. மகீபத்ராம் தம் மனைவி பார்வதிகுன்வரின் வாழ்வையும் நூலாக எழுதினார் என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

3. விதியின் வாசகம்

கடற்பயணத்திற்கு எதிரான விதிகளுள் பழமையானது போதாயன தர்மசூத்திரத்தில் உள்ளது. அந்நூல் கடலிற் செல்வதைச் சாதி இழப்பிற்குரிய செயல்களின் வரிசையில் முதலில் வைக்கிறது. அதே நூல் மற்றோரிடத்தில் கடற்பயணத்தை வடநாட்டாருக்கே உரிய வழக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. எனவே வழக்கம் இருந்தது. அதற்குத் தடையும் இருந்தது. தடைக்குப் பின் மீட்பும் இருந்தது: உணவைக் குறைத்து, நாளுக்கு மும்முறை நீராடி, பகலில் நின்றும் இரவில் அமர்ந்தும் மூன்றாண்டு நோற்றால் அக்குற்றம் நீங்கும் என்பது அந்நூலின் விதி. நோன்பு கடியது, ஆனால் அதற்கோர் எல்லை உண்டு.

இடைக்காலத்தில் 'கலிவர்ஜ்யம்' என்னும் கருத்து வளர்ந்தது. முன்னைய யுகங்களில் ஏற்புடையனவாக இருந்து கலியுகத்தில் விலக்கத்தக்கனவாகிய செயல்களின் பட்டியலே அது. பிருகந்நாரதீய புராணத்திலும், 1612இல் கமலாகர பட்டர் இயற்றிய நிர்ணயசிந்து போன்ற தொகுப்பு நூல்களிலும் இப்பட்டியல்கள் காணப்படுகின்றன. கடற்பயணமும் அவற்றுள் இடம்பெற்றது. எனினும் எது விலக்கப்பட்டது என்பதில் பாடவேறுபாடு உண்டு. ஒரு பாடத்தில் 'யாத்ரா' என்ற சொல் வருகிறது. அதன்படி, கடற்பயணத்தை மேற்கொள்ளுதல் விலக்கு. மற்றொரு பாடத்தில் 'யாத்ரு' (செல்பவன்) என்ற பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவமாகிய 'யாது:' வருகிறது. அதன்படி, கடலிற் சென்றவனை ஏற்றுக்கொள்ளுதல் விலக்கு. இரு பாடங்களிலும் 'ஸ்வீகாரம்' என்னும் சொல் மாறவில்லை. அச்சொல் எதனைத் தழுவுகிறது என்பதே மாறுகிறது. முதற்பாடத்தில் அது பயணத்தை மேற்கொள்ளுதல். இரண்டாம் பாடத்தில் அது மனிதரைச் சேர்த்துக்கொள்ளுதல்.

மற்றொரு கலிவர்ஜ்யப் பட்டியல் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. கப்பலிற் கடல் கடந்த இருபிறப்பாளரை, அவர் கழுவாய் செய்து தூய்மை பெற்ற பின்னரும், கூட்டத்தில் சேர்த்தலாகாது என்பது அதன் கருத்து. போதாயனரின் விதியில் குற்றம் சென்றவருடையது, அது தீரக்கூடியது. இவ்விதியிலோ சென்றவர் தூய்மை பெற்றவராகவே ஒப்புக்கொள்ளப்படுகிறார். விலக்கப்படுவது அவரை ஏற்கும் பிறரின் செயல். திரும்பி வருதலின் முழுப்பொறுப்பும் வீட்டிலிருப்பவர்மேல் ஏற்றப்பட்டு, பின்பு அவர்களுக்கு அது மறுக்கப்படுகிறது. பி. வி. காணே தம் தர்மசாஸ்திர வரலாற்றில் கலிவர்ஜ்யங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

1890களில் வங்காளத்தில் எழுந்த இந்துக் கடற்பயண இயக்கம் இச்சொற்களைப் பற்றியே வாதிட்டது. பண்டிதர்களின் கருத்துகள் திரட்டப்பட்டு 1894இல் கல்கத்தாவில் நூலாக வெளிவந்தன. 1892இல் இவ்வினா குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டபோது பங்கிம்சந்திர சட்டர்ஜி, சாத்திர மேற்கோள்களால் சமூகச் சீர்திருத்தம் கைகூடும் என்பதில் தமக்கு நம்பிக்கையில்லை என்னும் நிலையை மேற்கொண்டார். மகீபத்ராமின் வாழ்வு அக்கருத்திற்குச் சான்றாகிறது. அவரை விலக்கியோர் பாடவேறுபாட்டை ஆராய்ந்து விலக்கவில்லை. அருகில் அமர்ந்து உண்ண மறுத்தனர், அவ்வளவே.

4. விலக்கின் சொற்கள்

இம்மறுப்பைக் குறிக்கும் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. குஜராத்தியில் 'ந்யாத் பகார்' என்பர்; சாதிக்குப் புறம்பு என்பது பொருள். 'ந்யாத்' என்பது வடமொழி 'ஞாதி' என்பதன் திரிபு. தமிழிலும் 'ஞாதி' உண்டு. ஆனால் அது பங்காளிகளைக் குறித்துக் குறுகி நின்றது. குஜராத்தியிலோ அது விரிந்து முழுச்சாதியையும் குறித்தது. ஒரே மூலச்சொல் ஒரு மொழியில் தாயாதிகளின் அளவிலும் மற்றொன்றில் பேரவையின் அளவிலும் நிற்பதால், 'ந்யாத்' வருமிடமெல்லாம் தமிழில் 'ஞாதி' எனப் பெயர்ப்பது பிழையாகும்.

மராத்தியில் 'வாளீத்' வைத்தல் என்ற தொடர் வழங்குகிறது. இந்தியில் 'ஹுக்கா-பானி பந்த்' என்பர். புகைக்குழலும் தண்ணீரும் நிறுத்தப்பட்டன என்பது அதன் நேர்பொருள். வங்காளியில் விலக்கப்பட்டவர் 'ஏக்கரே'. ஒற்றை வீட்டுக்காரர் என்பது அதன் உறுப்புப்பொருள். 1884இல் வேளாண்மை கற்க இங்கிலாந்து சென்று 1886இல் மீண்ட கவிஞரும் நாடகாசிரியருமான த்விஜேந்திரலால் ராய், பிராயச்சித்தம் செய்யாமையால் தாம் விலக்கப்பட்ட பின், இச்சொல்லையே தலைப்பாக்கி 1889இல் ஓர் அங்கத நூல் எழுதினார். தமிழில் 'சாதிப்பிரஷ்டம்' என்ற வடசொல்லோடு 'ஒதுக்கி வைத்தல்', 'தள்ளி வைத்தல்' என்னும் வழக்குகளும் உள்ளன.

இச்சொற்களை ஒருங்கு நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். எச்சொல்லும் கடலைக் குறிக்கவில்லை, பயணத்தைக் குறிக்கவில்லை, குற்றத்தையும் குறிக்கவில்லை. நீர், புகைக்குழல், வீடு, புறம்பு என அனைத்தும் வீட்டுப் புழக்கத்தின் சொற்கள். வினைச்சொற்கள் யாவும் உள்ளிருப்போரின் வினைகள்: வைத்தல், தள்ளுதல், நிறுத்துதல். திரும்பி வந்தவர் இவ்வாக்கியங்களில் எழுவாயாக வருவதே இல்லை.

பயணத்தைக் கூறும் தனிச்சொற்களும் இருந்தன. மாகாணம், ஆட்சிப்பகுதி என்ற பொருளுடைய அரபுச் சொல் 'விலாயத்' என வழங்கி இங்கிலாந்தைக் குறித்தது. வங்காளியில் அது 'பிலேத்' ஆகி, மீண்டவர் 'பிலேத்-பேரத்' எனப்பட்டார். தமிழில் எல்லை என்னும் பொருளுடைய 'சீமை' அவ்விடத்தைப் பெற்றது. சீமைக்குப் போய் வந்தவர் என்பதில் மதிப்பும் ஐயமும் ஒருங்கே ஒலித்தன.

5. சட்டத்தின் மொழியும் மொழிபெயர்ப்பும்

ஆங்கில ஆட்சியாளர் இந்நிலையைத் தம் மொழியில் எவ்வாறு கண்டனர் என்பதும் நோக்கத்தக்கது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதத்தைத் துறந்தமையாலோ மதக் கூட்டுறவிலிருந்து விலக்கப்பட்டமையாலோ சாதியை இழந்தமையாலோ ஒருவர் சொத்துரிமையையும் மரபுரிமையையும் இழக்கமாட்டார் என்று விதித்தது. எனவே மகீபத்ராம் கப்பலேறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவருடைய சொத்து காக்கப்பட்டிருந்தது. மறுபுறம், பம்பாய் மாகாணத்தின் 1827ஆம் ஆண்டு இரண்டாம் ஒழுங்குவிதி, சாதி தொடர்பான வினாக்களில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிடுவதைத் தடுத்தது. சட்டம் நிலத்தைக் காத்தது. பந்தியைக் காக்க அதனால் இயலவில்லை.

சட்ட நூல்களிலும் செய்தித்தாள்களிலும் இவ்விலக்கைக் குறிக்க ஆளப்பட்ட ஆங்கிலச் சொல் கிறித்தவத் திருச்சபையிலிருந்து வந்தது. திருச்சபையின் விலக்கு, அதிகாரமுடைய ஓர் அமைப்பின் தீர்ப்பு. அது எங்கும் ஒன்றே. சாதி விலக்கு அத்தகையதன்று. அது ஊர்தோறும் வேறுபட்டது. தண்டத்தாலும் விருந்தாலும் தீர்வது. ஒரே மனிதர் ஓரூரில் உள்ளும் மற்றோரூரில் புறம்பும் ஆகலாம். மோகன்தாஸ் காந்தியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1888இல் அவர் இங்கிலாந்து புறப்படுமுன் பம்பாயில் கூடிய மோட் வணிகர் அவை அவரைச் சாதிக்குப் புறம்பாக்கியது. அவருக்கு உதவுவோருக்கும் வழியனுப்பச் செல்வோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் விதித்தது. 1891 ஜூலையில் அவர் மீண்டபோது தமையனார் அவரை நாசிக்கிற்கு அழைத்துச் சென்று ஆற்றில் நீராடச் செய்தார். பின் இராஜ்கோட்டில் சாதியாருக்கு விருந்தளித்தார். ஒரு பிரிவு ஏற்றது. மற்றொரு பிரிவு ஏற்கவில்லை. ஏற்காத பிரிவைச் சேர்ந்த தமக்கை வீட்டிலும் மாமனார் வீட்டிலும் அவர் தண்ணீரும் அருந்தவில்லை. மறைவாக விதியை மீற அவர்கள் ஆயத்தமாக இருந்தும், வெளிப்படையாகச் செய்ய இயலாததை மறைவில் செய்ய அவர் உடன்படவில்லை. இந்நிலையைத் திருச்சபைச் சொல்லால் பெயர்க்கும்போது தமக்கையின் வீட்டுத் தண்ணீர் வாசகருக்குத் தெரியாமற் போகிறது.

6. எழுத்தே மறுமொழி

விலக்கப்பட்டோர் பலர் எழுதினர். மகீபத்ராம் தம் இங்கிலாந்துப் பயணத்தை விவரிக்கும் நூலுக்கு 'இங்லண்ட்னீ முசாபரீனுங் வர்ணன்' எனப் பெயரிட்டார். 1863இல் இங்கிலாந்து சென்று, மீண்டபின் கபோல் வணிகர் சாதியால் விலக்கப்பட்ட கர்சன்தாஸ் மூல்ஜி, 1866இல் வெளியிட்ட நூலுக்கு 'இங்லண்ட்மாங் பிரவாஸ்' எனப் பெயரிட்டார். முன்னதில் அரபு-பாரசீக வழிவந்த சொல். பின்னதில், வீட்டைவிட்டு வேறிடத்தில் வாழ்தல் என்னும் பொருளுடைய வடசொல். இரண்டிலும் 'யாத்ரா' இல்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் புனிதச் செலவிற்கு வழங்கிய சொல்லாகவும், தடை விதியில் நின்ற சொல்லாகவும் இருந்த ஒன்றை இருவருமே தலைப்பில் ஆளவில்லை.

ஒப்பீட்டிற்கு மற்றொரு பயணத்தைக் காட்டலாம். சென்னையில் அலுவல் புரிந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய பயணநூலின் பெயர் 'காசியாத்ர சரித்ர'. ஓராண்டுக்கு மேற்பட்ட அவ்வாழ்வும் வீட்டைவிட்டு நீங்கிய வாழ்வே. வேற்றுமொழி பேசும் நாடுகளிடையே கழிந்த வாழ்வே. ஆனால் காசி சென்று மீள்பவரை வரவேற்க மரபில் சடங்குகள் உண்டு. இலண்டன் சென்று மீள்பவருக்கு உரிய வரவேற்புச் சடங்கு எதுவும் இல்லை. கழுவாய்ச் சடங்கு மட்டுமே இருந்தது.

கர்சன்தாஸ் 1871இல் மறைந்தபின் அவருடைய வரலாற்றை மகீபத்ராம் 1877இல் எழுதினார். அதன் தலைப்பு 'உத்தம் கபோல்' என்று தொடங்குகிறது. கபோல் சாதியார் புறம்பாக்கிய ஒருவரைக் கபோலருள் சிறந்தவர் என்று தலைப்பிலேயே அழைத்தார், மற்றொரு சாதியால் புறம்பாக்கப்பட்டவர். 'உத்தம' என்ற அடை அங்கே வெறும் புகழ்ச்சியன்று. அவை மறுத்த இடத்தை அது பெயரிலேயே திருப்பித் தருகிறது. தமிழில் 'உத்தமர்' எனப் பொதுவாகப் பெயர்த்தால் அவ்வாதம் மறைந்துவிடும்.

மகீபத்ராமின் மகன் ரமண்பாய் நீல்கண்ட் 1868இல் பிறந்தவர். அவர் 1900இல் நூலாக வெளியிட்ட 'பத்ரம்பத்ர' குஜராத்தியின் புகழ்பெற்ற நகைச்சுவை நாவல். அதன் தலைவன் ஒரு வைதிகன். தன் பெயராகிய 'தௌலத்சங்கர்' என்பதில் 'தௌலத்' அயலாரின் சொல் என்பதால் பெயரையே மாற்றிக்கொள்கிறான். பம்பாயில் நடக்கும் சனாதன தர்மக் கூட்டத்திற்குப் புகைவண்டியில் செல்லும்போது சீட்டை 'மூல்ய பத்ரிகா' என்று கேட்கிறான். மனிதரை விலக்கிய அதே மனப்பாங்கு சொற்களை விலக்கும்போது எத்தகைய நகைப்பிற்கு இடமாகிறது என்பதை அந்நாவல் காட்டுகிறது. தந்தையின் வாழ்வில் துன்பியலாக நின்றது மகனின் எழுத்தில் அங்கதமாயிற்று.

இதனைத் தமிழில் பெயர்ப்போர் ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். 'மூல்ய பத்ரிகா' குஜராத்தியில் நகைப்பைத் தருகிறது. 'பயணச்சீட்டு' தமிழில் இயல்பான சொல், நகைப்பைத் தராது. தமிழில் சொல்தூய்மை இயக்கம் வடசொல்லை விலக்கும் திசையில் சென்றது. பத்ரம்பத்ரனின் தூய்மை வடசொல்லைப் பெருக்கும் திசையில் செல்கிறது. ஆகவே அவனைத் தனித்தமிழில் பேசவைத்தால் அங்கதம் வேறொரு தரப்பின்மேல் விழும். மிகை வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையே அவனுக்குப் பொருந்துவதாகும்.

7. முடிவுரை

மகீபத்ராம் 1891 மே மாதம் மறைந்தார். அதற்கு அடுத்த ஜூலையில் காந்தி பம்பாயில் கரையிறங்கினார். முப்பதாண்டு இடைவெளிக்குப் பின்னும் வினா மாறவில்லை. 1919இல் கணித மேதை இராமானுஜன் நோயுற்றுத் திரும்பியபோது, தூய்மைச் சடங்கிற்காக அவரை இராமேசுவரம் அழைத்துச் செல்ல அன்னையார் விரும்பினார். உடல்நிலை இடந்தரவில்லை. 1920 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, கடல் கடந்தவர் என்பதால் வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. இராயல் கழகம் அவரை 1918இலேயே ஏற்றிருந்தது.

பின்னர் நிலை மாறியது. மேற்படிப்பும் அயல்நாட்டு வேலையும் பெருகப் பெருக, மீண்டவரை ஏற்பதே குடும்பத்திற்குப் பெருமையாயிற்று. பேச்சுத்தமிழில் 'ஃபாரின் ரிட்டர்ன்' என்பது மணமகனின் தகுதியாக வழங்கலாயிற்று. விதிநூல்கள் திருத்தப்படவில்லை, பிராயச்சித்தம் என்ற சொல் மட்டும் இவ்விடத்தில் வழக்கிழந்தது.

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டு மீள்வருகையைப் பற்றிய நூல்களில் 'கடற்பயணத் தடை' என்ற தொடரை மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையுடன் ஆள வேண்டும். மகீபத்ராம் தடையின்றிச் சென்றார். தடை அவர் திரும்பிய வீட்டு வாயிலில் இருந்தது. 'ஏற்பு மறுப்பு' என்பதே அந்நிலைக்குப் பெரிதும் பொருந்தும். இரண்டாவது, அம்மறுப்பைக் குறிக்கும் வட்டாரச் சொற்களை ஒரே பொதுச்சொல்லால் பெயர்க்காமல், நீர், பந்தி, வீடு என அவை சுட்டும் பொருளோடு பெயர்த்தல் வேண்டும். எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது, எந்தப் பந்தியில் இலை போடப்படவில்லை என்பவை அச்சொற்களிலேயே எஞ்சியுள்ளன.